இடப்புறம் வளைந்த புல்வரி

எங்கள் பழைய புல்வெட்டி வண்டியின் அடித்தகடு ஒரு மே மாதக் காலையில் துருவேறிய இடத்தில் பிளந்து, கத்தியோடு தரையில் இறங்கிவிட்டது. என் மனைவி இயந்திரத்தை அணைத்து, இறங்கி, குனிந்து பார்த்தாள். "போதும், பாவம், அது உழைச்சது போதும்" என்றாள். பிறகு, பாதி வெட்டிய புல்வெளியைத் திரும்பிப் பார்த்தபடி கையுறைகளைக் கழற்றினாள். இடக்கையின் உறை உடனே கழன்றது. மற்றொன்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். அதை நான் பார்த்தேன், ஒன்றும் எண்ணவில்லை.

லவால் என்னும் புறநகரின் மேற்கோரத்தில் உள்ளது எங்கள் வீடு. ஒரு காலத்தில் உழவு நிலமாக இருந்து, பின்னர் நீண்ட மனைகளாகப் பிரிக்கப்பட்ட பகுதி அது. வீடு சிறிது, பின்புறப் புல்வெளி பெரிது. சில மேப்பிள் மரங்கள், இரண்டு ஆப்பிள் மரங்கள், வேலியோரத்தில் லைலாக் புதர்கள், எஞ்சியதெல்லாம் புல். நான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுச் சமயங்களின் வரலாற்றைக் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவள் நீர்மின் நிலையங்களுக்கு மதகுகளை வடிவமைக்கும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புல்வெளி அவளுடையது, நூலக அறை என்னுடையது. இந்தப் பங்கீடு எப்போது ஏற்பட்டதென்று இருவருக்கும் நினைவில்லை. நான் அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. அவள் வெட்டிய வரிகள் அளவுகோல் வைத்து இழுத்தவை போல வேலிவரை நேராகச் செல்லும். வேலிக்கு அப்பால் வாழும் பிரெஞ்சுக்கார முதியவர், தம் புல்லை மறந்துவிட்டு, எங்கள் புல்வரிகளைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "மதாம்" என்று அவளை நோக்கித் தொப்பியைத் தூக்குவார். எனக்கு ஒரு தலையசைப்பு மட்டும் கிடைக்கும்.

வண்டி உடைந்த செய்தி டொராண்டோவில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசியில் போயிற்று. அவன் நெடுநாளாகக் காத்திருந்த வாய்ப்பு அது.

"அம்மா, புதுசு வாங்காதீங்க. இதோட அந்த வீட்டை வித்துடலாம். எங்க பக்கத்துல ஒரு காண்டோ ஃப்ளாட் பாக்கறேன். பனி தள்ள வேண்டாம், புல்லு வெட்ட வேண்டாம்."

"வேற என்ன செய்யணும் அங்க? லிஃப்டுக்குக் காத்திருக்கணும், அவ்வளவுதானே?"

"விளையாடாதீங்கம்மா. உங்களுக்கு வயசாகுது."

அவள் சாளரம் வழியே பாதி வெட்டிய புல்வெளியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி, ஒரு ஒப்பந்தம். இந்தப் புல்லை நான் வெட்டற வரைக்கும் இந்த வீடு. என்னால வெட்ட முடியாத அன்னிக்கு நீ சொல்ற இடத்துக்கு வரேன். பேச்சு மாற மாட்டேன்."

மகன் ஒப்புக்கொண்டான். நானும் சிரித்தேன். அவள் தன் வாழ்விடத்தையே பணயமாக வைத்திருக்கிறாள் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியிருந்ததா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

அந்த வாரமே கடைக்குச் சென்றோம். நெடுஞ்சாலையோரத்தில் புல்வெட்டிகளும் பனிதள்ளிகளும் விற்கும் கடை. கடைக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லாசாலில் குடியிருக்கும் நடுவயதினர், எங்கள் பழைய வண்டியை ஆண்டுதோறும் பழுது பார்த்துத் தந்தவர். என் மனைவியை அக்கா என்பார். என்னை ஐயா என்பார். "பாத்தீங்களா, உங்களுக்கு மட்டும்தான் வயசாயிருக்கு" என்று அவள் ஒவ்வொரு முறையும் என்னைச் சீண்டுவாள்.

அவர் எங்களுக்கு இரு வகை வண்டிகளைக் காட்டினார். ஒன்று, பழையதைப் போன்றது. கார் போலத் திசைச்சக்கரம் உடையது. மற்றொன்றுக்குத் திசைச்சக்கரமே இல்லை. இருக்கையின் இருபுறமும் இரண்டு நெம்புகோல்கள் மட்டும் மடிவரை வளைந்து வந்திருந்தன. இடக்கையில் உள்ளது இடச்சக்கரத்தை ஓட்டும். வலக்கையில் உள்ளது வலச்சக்கரத்தை ஓட்டும். இரண்டையும் ஒரே அளவில் முன்னே தள்ளினால் வண்டி நேரே செல்லும். ஒன்றைக் குறைத்தால் குறைத்த பக்கம் திரும்பும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக இயக்கினால் நின்ற இடத்திலேயே சுழன்றுவிடும்.

"இதைத்தான் ஸீரோ டர்ன் எண்டு சொல்லுறது, ஐயா. மரத்தைச் சுத்தி வெட்ட இதைப் போல ஒண்டும் இல்லை" என்றார் அவர்.

"நின்றுழித் திரும்பி" என்றேன் நான், எதையும் தமிழாக்கிப் பார்க்கும் பழக்கத்தால்.

"என்னது?"

"அவர் அதுக்குப் பேர் வெச்சிருக்கார், தம்பி. முழுசாக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள புல்லு முழங்கால் உசரம் வளந்துடும்" என்றாள் மனைவி. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைக்குப் பின்னே சிறு புல்திடல் ஒன்று இருந்தது. அவள் அந்த வண்டியில் ஏறி அமர்ந்து, இருக்கையைத் தன் உயரத்துக்கு முன்னே இழுத்துக்கொண்டு, இரு நெம்புகோல்களையும் தள்ளினாள். வண்டி புறப்பட்டது. சில அடிகள் நேராகச் சென்றது. பிறகு இடப்பக்கமாக மெல்ல வளைந்தது. அவள் நிறுத்திப் பின்னே வந்து மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அதே வளைவு. திடலில் இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

கடைக்காரர் ஓடிச் சென்று இடப்பக்கச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "காத்துக் குறைஞ்சிருக்கும் போல, அக்கா. ஒரு பக்கம் காத்துக் குறைஞ்சா இப்பிடித்தான் இழுக்கும். குடுக்கேக்க சரியாக்கித் தாறன்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள். அவள் குரலில் ஒரு விரைவு இருந்தது.

நான் திசைச்சக்கர வண்டியே போதுமென்றேன். அவளுக்குப் பழகிய வகை. ஒரு கையாலும் திருப்பலாம். கடைக்காரரும் அதையே சொன்னார்: "ஐயா சொல்லுறது சரி. அது கைக்கு லேசு. அக்காவுக்கு அது சுகமா இருக்கும்." அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். வாங்குவதற்கு முன் எதையும் நெடுநேரம் ஆராய்கிறவள் அவள். அன்று ஆராயவில்லை. நெம்புகோல் வண்டியின் மீது கையை வைத்து, "இதுதான்" என்றாள்.

வண்டி வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்தினம் ஜான்-டலோன் சந்தைக்குச் சென்று எலுமிச்சை வாங்கினோம். எந்த வண்டி வாங்கினாலும் முதல் ஓட்டத்தில் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்குவது எங்கள் வழக்கம். இந்த நாட்டில் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு காரும், பழைய புல்வெட்டியும்கூட, எலுமிச்சையை நசுக்கித்தான் புறப்பட்டன. அவள் பெரிய இறைப்பற்று உடையவள் அல்லள். "பழக்கத்தை விட்டுட்டு அப்புறம் ஏதாவது ஆனா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும். ரெண்டு பழம்தானே" என்பாள். சந்தையில் தோல் மெலிந்த பச்சைப் பழங்களாகப் பொறுக்கினாள்.

கடைக்காரர் இழுவண்டியில் புல்வெட்டியை ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டின் பக்கவாட்டில் கல் பாவிய இடத்தில் இறக்கினார். சக்கரங்களின் காற்றை அளந்து, இரண்டும் சரியாக இருப்பதைக் காட்டினார். என் மனைவி வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சூடம் கொளுத்தினாள். பின்சக்கரங்கள் இரண்டின் முன்னும் ஒவ்வொரு எலுமிச்சையை வைத்தாள். "உங்கட ஆக்கள் புல்லு மெசினுக்கும் செய்வினமோ, அக்கா? நாங்கள் காருக்கு மட்டும்தான்" என்று அவர் கேலி செய்தார். "காரை விட இதுலதான் தம்பி நான் அதிகம் உக்காரப்போறேன்" என்று சொல்லி அவள் ஏறினாள்.

இரு நெம்புகோல்களையும் தள்ளினாள். வலப்பக்க எலுமிச்சை சக்கரத்தின் கீழ் சிதறிச் சாறு தெறித்தது. இடச்சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி அதைச் சுற்றி இடப்பக்கம் திரும்பிவிட்டது. இடப்பக்க எலுமிச்சை சக்கரத்தின் முன்னே, வைத்தபடியே, முழுதாக இருந்தது.

சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "கல்லுத் தரை, அக்கா. வண்டிச் சில்லு வழுக்கியிருக்கும்" என்றார் கடைக்காரர். அவள் இறங்கி அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு தரம் ஓட்டுங்க, தம்பி."

அவர் ஏறி ஓட்டினார். வண்டி வேலிவரை ஒரு கோடு போல நேராகச் சென்று, நின்ற இடத்தில் சுழன்று, நேராகத் திரும்பி வந்தது. அவர் வந்து நிற்கையில் என் மனைவி எலுமிச்சையைத் தன் இடக்கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். விரல்கள் அதைச் சுற்றி மூடின, அவ்வளவுதான். பழம் நெளியவில்லை. பிறகு அதை வலக்கைக்கு மாற்றி அழுத்தினாள். தோல் பிளந்து சாறு அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவள் அதைப் புடைவையில் துடைத்துக்கொண்டாள்.

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்ததும், சில வாரங்களாக இடக்கையில் எடுத்த குவளையை அவள் வைத்துவிட்டு மறுகையில் எடுத்ததும் அப்போதுதான் என் நினைவில் ஒன்றோடொன்று சேர்ந்தன.

அவள் கேட்டது வேறு. "இதுல ஒரு திருகாணி இருக்குமே, தம்பி. வலது பக்கத்துக் கோல் எவ்வளவு தூரம் முன்னாடி போகலாம்னு கட்டுப்படுத்தறது. எங்க இருக்கு?"

அவர் இருக்கையின் அருகே இருந்த அதைக் காட்டினார். காட்டிய பிறகுதான் அவளது எண்ணம் அவருக்குப் புரிந்தது. "வேண்டாம், அக்கா. வலப்பக்கத்தைக் குறைச்சா உங்கட கைக்கு நேராப் போகும்தான். பேந்து வேற ஆக்கள் ஓட்டினா வலப்பக்கம் இழுக்குமே."

"வேற யாரு ஓட்டப்போறா? இவரா?" என்று என்னைக் காட்டினாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கேலி வந்தது. அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பினார். அவள் ஏறி ஓட்டினாள், இறங்கி இன்னும் கொஞ்சம் என்றாள், மீண்டும் ஏறினாள். கடைசியில் வண்டி நேராகச் சென்றது. அவளது வலக்கை அவளது இடக்கையின் அளவுக்குத் தணிக்கப்பட்டுவிட்டது. அவள் அன்றே புல்வெளி முழுவதையும் வெட்டி முடித்தாள். வேலிக்கு அப்பாலிருந்து முதியவர் தொப்பியைத் தூக்கினார்.

மாலையில் தேநீர் அருந்துகையில் நான் கேட்டேன்: "கடையிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. பின் ஏன் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாய்? மற்றதில் ஒரு கையே போதுமே."

"அதனாலதான். ஸ்டியரிங் வெச்ச வண்டி, கையில இருக்கற குறையை மறைச்சுடும். எல்லாம் நல்லாயிருக்குன்னு நானே நம்பிடுவேன். இது மறைக்காது, உள்ளதைக் காட்டிடும்." தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "எனக்கு எவ்வளவு காலம் இருக்குன்னு தெரியணும். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்" என்றாள்.

மருத்துவர் கோடையின் இறுதியில்தான் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோகும் நோய். கையில் தொடங்கும், கையோடு நிற்காது. ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எதனாலோ பிரெஞ்சில் முடித்தார். அவள் கேட்ட கேள்விகள் ஒரு கட்டுமானத்தின் தாங்குதிறனைப் பற்றிக் கேட்பவை போல இருந்தன: எது முதலில் தளரும், எது கடைசிவரை நிற்கும், அறிகுறி என்ன. நான் வாழ்நாள் முழுதும் இறப்பைப் பற்றி நெறிநூல்கள் சொல்வதைக் கற்பித்தவன். அந்த அறையில் அவர் சொன்ன விடைகளைத் தாளில் குறித்துக்கொள்ள மட்டுமே என்னால் முடிந்தது. திரும்பி வரும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு மழை இருக்கா? புல்லு வளந்துடுச்சு."

அடுத்த ஆண்டு பனி உருகிப் புல் மீண்டும் பச்சையானபோது, வண்டி மீண்டும் இடப்பக்கம் வளைந்தது. கடைக்காரர் அழைக்காமலே ஒருநாள் வந்தார். லாசாலிலிருந்து எங்கள் பகுதிக்கு வருவது நெடும்பயணம். "இஞ்சால வர வேண்டியிருந்தது" என்று பொய் சொன்னார். திருகாணியை இன்னும் குறைத்தார். வண்டியின் வேகமும் அதனோடு குறைந்தது. வெட்டி முடிக்க நெடுநேரமாயிற்று. நான் சாளரத்தருகே நின்றபடியே இருப்பேன். நிலம் சமதளமானது, மேடு பள்ளமில்லை, அஞ்ச வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் அமர்ந்திருந்த தோற்றத்தில் மாறுதல் இல்லை. முதுகு நேராக இருக்கும். கொண்டையில் செருகிய ஊசி வெயிலில் மின்னும். அவளது நோய் அந்தத் திருகாணி இறங்கிய அளவில் மட்டும் இருந்தது. புல்லில் அது தெரியவில்லை.

ஜூலையில் ஒருநாள் அவள் நெம்புகோலைப் பற்றித் தள்ள முயன்றாள். இடக்கை வழுக்கி மடியில் விழுந்தது. மீண்டும் எடுத்து வைத்தாள். மீண்டும் விழுந்தது. அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு அங்கேயே அமர்ந்திருந்தாள். நான் வெளியே சென்று அருகில் நின்றேன். புல் கணுக்கால் அளவு வளர்ந்திருந்தது.

"பேச்சு மாற மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவள் டொராண்டோவின் காண்டோவை எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த மேப்பிள் மரங்களின் அடியில் இருக்க விரும்பியவள், அறிமுகமில்லாத ஓர் அறையின் சுவரைப் பார்த்தபடி கடைசி மாதங்களைக் கழிக்க வேண்டிவரும்.

"இறங்கு, நான் ஓட்டுகிறேன்" என்றேன்.

"நீங்களா?"

"நின்றுழித் திரும்பிக்குப் பேர் வைத்தவன் நான். ஓட்டவும் வரும்."

அவளுக்கு ஒரு நாற்காலியை மேப்பிளின் நிழலில் இட்டு அமர வைத்தேன். நான் ஏறி அமர்ந்து இரு கோல்களையும் முழுமூச்சாகத் தள்ளினேன். வண்டி வலப்பக்கம் திரும்பி நேரே லைலாக் புதருக்குள் புகுந்தது. கிளைகளுக்கு நடுவிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதே அவள் பேச்சு சற்றுக் குழறத் தொடங்கியிருந்தது, சிரிப்பு குழறவில்லை.

"நல்லவேளை, பூவெல்லாம் உதிர்ந்துடுச்சு" என்றாள். பிறகு: "இடது கையை முழுசாத் தள்ளாதீங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல நிறுத்துங்க. அந்தக் கை உங்களுது இல்ல. என்னுதுன்னு நெனச்சுக்கோங்க."

திருகாணியை மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. அந்தக் கோடையின் எஞ்சிய வாரங்களில் நான் என் இடக்கையைத் தளர்த்தக் கற்றேன். தள்ளவேண்டும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தவேண்டும். அந்த இடத்தில் அசையாமல் வைத்திருக்கவேண்டும். அவள் நாற்காலியிலிருந்து, "இன்னும் குறைங்க... இன்னும்... ம், இப்ப என் கை" என்பாள். ஆகஸ்டின் முடிவில் என் வரிகள் ஏறக்குறைய நேராகின. மகன் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அம்மா, நீங்க சொன்ன அந்த ஒப்பந்தம்..."

"புல்லு வெட்டித்தான் இருக்கு. வேணும்னா வந்து பாரு" என்றாள். அவன் வந்தான், பார்த்தான், சமையலறையில் என் தோளில் சாய்ந்து சற்று நேரம் நின்றான், வீட்டைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அக்டோபரில் கடைசி வெட்டு. மேப்பிள் இலைகள் சிவந்து விழுந்திருந்தன. புல்லோடு அவையும் அரைபட்டன. கம்பளி போர்த்திச் சாளரத்தருகே அமர்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளால் சொல்ல முடிந்தவை குறைவு. நான் உள்ளே வந்ததும் வலக்கையின் இரு விரல்களைத் தூக்கிக் காட்டினாள். நேராக இருக்கிறது என்று பொருள். கடைக்காரர் வந்து வண்டியைக் குளிர்காலத்துக்காகக் கடைக்கு எடுத்துச் சென்றார். "பனி போகட்டும், கொண்டு வாறன், அக்கா" என்று அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் அவள் இறந்தாள், தன் வீட்டில், தன் படுக்கையில். சாளரத்துக்கு வெளியே அவளுடைய புல்வெளி பனியின் கீழ் இருந்தது. அதற்கு மேல் அந்த மாதத்தைப் பற்றி எழுத என்னால் இயலவில்லை.

மே மாதம் மீண்டும் வந்தது. மாதந்தோறும் செய்யும் திதிக்காகக் கோயிலுக்குச் சென்றுவிட்டு ஒருநாள் நான் திரும்பியபோது, கல் பாவிய இடத்தில் வண்டி நின்றது. நன்கு கழுவித் துடைத்திருந்தார்கள். சந்தனப் பொட்டு மட்டும் மங்கலாக இருந்தது. கடைக்காரர் அதைத் துடைக்காமல் விட்டிருக்கவேண்டும். புல் வளர்ந்து, மஞ்சள் பூக்கள் எங்கும் பரவியிருந்தன. உடை மாற்றிக்கொண்டு ஏறினேன். இருக்கை அவள் இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. என் முழங்கால்கள் இடித்தன. கடந்த கோடையிலும் நான் அதைத் தள்ளிவைத்ததில்லை.

வலக்கோலைத் தள்ளினேன். இடக்கோலை அவள் கற்றுத்தந்த இடத்தில் நிறுத்தினேன். கை மறந்திருக்குமோ என்று அஞ்சினேன், மறக்கவில்லை. வண்டி புறப்பட்டது, சில அடிகள் நேராகச் சென்றது, பிறகு மெல்ல இடப்பக்கம் வளைந்தது.

நிறுத்தினேன். இறங்கி இடச்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது. பின்னே வந்து மீண்டும் தொடங்கினேன். மீண்டும் அதே வளைவு. கடைத்திடலில் முதல்நாள் அவள் இழுத்த கோடு எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்தது. என் கைதான் தளர்ந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பில் அச்சம் இருந்ததா, ஆசை இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அப்போது சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. கடைக்காரர்தான்.

"ஐயா, வண்டியை வச்சிட்டு வந்தனான். நீங்கள் வீட்டில இல்லை. ஒரு விசயம் சொல்லோணும். அந்தத் திருகாணியை நான் நேராக்கி விட்டிருக்கிறன். அக்கா இல்லாத இடத்தில நீங்கள் அதோட மாரடிக்கக் கூடாது எண்டு நினைச்சன். செய்தது சரிதானே?"

நான் குனிந்து இருக்கையருகே இருந்த திருகாணியைப் பார்த்தேன். அவள் உடல் தளர்ந்த அளவை ஒவ்வொரு திருப்பாகத் தாங்கியிருந்த திருகாணி அது. எந்த இடத்தில் இருந்தது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. அவள் அந்த இருக்கையில் அமர்ந்து "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னால் மட்டுமே அந்த இடத்தை மீண்டும் கண்டுபிடிக்க முடியும்.

"ஐயா? நேராப் போகுதுதானே?"

மறுமுனையில் அவர் மூச்சடக்கிக் காத்திருப்பது தெரிந்தது. அவளுக்காக லாசாலிலிருந்து வந்து, இவ்வழியாக வர வேண்டியிருந்தது என்று பொய் சொன்னவர் அவர்.

"வண்டி நேராகத்தான் செல்கிறது. செய்தது சரி" என்றேன்.

"சந்தோசம், ஐயா. ஏதும் எண்டா எடுங்கோ. நான் வருவன்."

மீண்டும் ஏறினேன். இம்முறை இடக்கோலை இறுதிவரை தள்ளினேன். வண்டி வேலிவரை எந்த இழுப்பும் இன்றிச் சென்றது. திரும்பிப் பார்த்தேன், அவள் இழுத்ததைப் போன்ற நேர்கோடு. இனி இது எவர் கைக்கும் நேராகச் செல்லும். இலையுதிர் காலத்துக்குள் வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாமா என்று மகன் கேட்டிருக்கிறான். வாங்க வருகிறவர்களுக்கு இந்த வண்டியையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.

வேலியருகே நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பினேன். திரும்பி வருகையில் என் இடக்கை தானாகவே பழைய இடத்துக்கு வந்து நின்றது. அதை நான் முன்னே தள்ளவில்லை. மரங்கள் வந்த இடங்களில் மட்டும் திருத்திக்கொண்டு, மற்ற இடங்களில் அந்தக் கை விட்ட வழியிலேயே வெட்டினேன். ஒரு வளைவை ஒட்டி மறு வளைவு. அதை ஒட்டி மற்றொன்று. முடித்தபோது புல்வெளி முழுவதும் வளைந்த வரிகளாக இருந்தது.

வேலிக்கு அப்பால் முதியவர் நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் வரிகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். தூக்கி மீண்டும் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.